யுத்தமாக இருக்கட்டும்

"ஆப்பிரிக்காவில் போர் வண்டி வெடித்து ஓட்டுநர் பலி."

செல்வப்பிரியா அந்த ஒற்றை வரிச் செய்தியை 'யுத்தம்' என்று குறித்தாள்.

உலகப் பத்திரிகைகளில் யுத்தச் செய்திகளை எண்ணி, பங்குச் சந்தைக்கு ஆபத்தின் அளவைச் சொல்லும் கம்பெனி அது. கோவிந்தாபுரத்து வீட்டிலிருந்தபடி தமிழ்ச் செய்திகளைப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை.

கோவையிலிருந்து மேலாளர் லோகேஷ் அழைத்தார். "மேடம், எதை வெச்சு யுத்தம்னு போட்டீங்க?"

"போர் வண்டின்னு இருக்குதுங்களே சார். பட்டாளத்து வண்டிதாங்க. யுத்தமாத்தானுங்க இருக்கோணும்!"

"இருக்கோணுமா? பயந்துபோய் பங்கை வித்துத் தள்ளுவாங்க மேடம். இருங்க, விசாரிச்சுட்டு வர்றேன்."

மாமியார் மயிலாத்தாள் முறைத்தாள். "ஏனம்மிணி, யுத்தம் வேணும்னா கேக்கறே? உம்புருசன் பூபதி அந்தச் சீமைலதானே இருக்கறான்? நேத்திருந்து போனையும் காணோம்."

"அதனாலதானுங்கத்தே."

மாமியாருக்குப் புரியவில்லை. போன் மறுபடி அலறியது.

"நல்ல சேதி மேடம். உங்க ஊர்ப் பக்கமிருந்து போன, கிணத்துக்குப் போர் போடுற லாரியாம். கம்ப்ரசர் வெடிச்சிருக்கு. வெறும் விபத்து. 'ஆபத்தில்லை'ன்னு மாத்திடுங்க."

"யு... யுத்தமில்லீங்களா சார்?"

அதைக் கேட்ட மயிலாத்தாள் கைகூப்பினாள். "யுத்தமில்லையா? ஆத்தா எம்பையனைக் காப்பாத்திட்டா!"

செல்வப்பிரியா 'ஆபத்தில்லை' என்று மாற்றினாள். ஆப்பிரிக்காவில் போர் போட இங்கிருந்து கப்பலேறிப் போன லாரி ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டப் போனவன் பூபதிராஜா.