குறை தீர்ந்தது

“இதை யாரு போட்டது? நீங்களே இடது கையால போட்டதா?” மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே கேட்டார் சுகாதார ஆய்வாளர்.

துப்புரவு மேஸ்திரி தலையைச் சொறிந்தார். ஆய்வாளர் கையில் மூன்று மனுக்கள் இருந்தன. மூன்றின் அடியிலும் ஒரே கோணல் எழுத்தில், ‘குப்பை முழுவதும் அள்ளப்பட்டது. குறை தீர்ந்தது. நன்றி’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் இருந்தது.

முழுவதும் அள்ளப்பட்ட அந்தக் குப்பை அவர்கள் எதிரிலேயே ஆள் உயரத்துக்கு நின்றது. கோழி இறகு, மீன் குடல், குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிப் போட்ட டயப்பர், என்றைக்கோ செத்து ஊதிப்போன ஒரு பெருச்சாளி. அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து பக்கத்து வீட்டு வாசற்படி வரைக்கும் போயிருந்தது.

ஆய்வாளர் இந்த நகராட்சிக்கு மாற்றலாகி வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. இந்த ஒன்பது நாளில் முகம் சுளிக்க வைக்காத கோப்பு ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. ஆனாலும், அள்ளாத குப்பைக்கு நன்றி எழுதி வாங்கி வைத்திருக்கும் கூத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

நகராட்சியின் நடைமுறை அப்படி. மனுவை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். குறை தீர்ந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியவர் மட்டும் அந்த இடத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். மனு கொடுத்தவர் பக்கத்து வீட்டின் சொந்தக்காரர், அவர் இருப்பதோ ஊரின் மறுகோடியில். கையெழுத்து, அந்த வீட்டில் குடியிருக்கும் பெண்ணுடையது.

“அந்தம்மாதான் சார் போட்டாங்க,” என்றார் மேஸ்திரி. “பேப்பரை நீட்டினேன், போட்டுக் குடுத்தாங்க. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல.”

“என்னால இங்க நாலு நிமிஷம் நிக்க முடியல. இதுலயே குடியிருக்கறவங்க, குறை தீர்ந்துச்சு நன்றின்னு எழுதிக் குடுத்தாங்களா? யார் காதுல பூ சுத்தறீங்க?”

“சத்தியமா சார்.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும் சார்.” சொல்லும்போதே மேஸ்திரியின் குரல் இறங்கிவிட்டது. அவருக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

ஆய்வாளருக்குக் குமட்டலோடு கோபமும் சேர்ந்துகொண்டது. அழுகிய குப்பையைவிட இந்த அழுகிய பொய்தான் அவருக்கு அதிகமாக நாறியது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை வெளியே எடுத்தார். மேஸ்திரிக்கான தற்காலிகப் பணிநீக்க உத்தரவு அது. ஆணையர் காலையிலேயே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்.

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். “எட்டு மாசத்துல ரிட்டயர்டு சார். முப்பத்தோரு வருஷம் ஓடிப்போச்சு. லாரி இல்ல, ஆள் இல்லன்னு சொல்லிச் சொல்லியே சோம்பேறி ஆயிட்டேன், அது என் தப்புதான். ஆனா கள்ளக் கையெழுத்து மட்டும் போடல சார்.”

“அதை அந்தம்மா வந்து சொல்லட்டும். கூப்பிடுங்க.”

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் குப்பை லாரி வந்து திரும்பும் சத்தம் கேட்டு அந்தப் பெண்ணே வெளியே வந்துவிட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தைத்துக்கொண்டிருந்த துணி ஒன்று தோளில் கிடந்தது.

அவளுக்குப் பின்னால் வீடு தெரிந்தது. இரண்டு அறை, உயரமான கூரை, தனிக் குழாய், பின்பக்கம் கொஞ்சம் இடம்கூட இருந்தது. இத்தனை நல்ல வீட்டில் ஜன்னல் ஒன்றைக்கூடத் திறக்க வழியில்லாமல் எல்லாவற்றிலும் பாலித்தீன் தாளை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஆய்வாளர் அவள் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தார்.

“பயப்படாதீங்கம்மா,” என்றார். “இனிமே யாரும் உங்களை ஏமாத்த முடியாது. நானே நின்னு இன்னிக்கே மொத்தத்தையும் அள்ளி, மருந்து அடிச்சு, இந்த இடத்துல செடி வச்சுட்டுத்தான் போவேன். மறுபடி ஒரு பிடி குப்பை விழாது.”

அந்தப் பெண் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து ஆய்வாளர் நெகிழ்ந்து போனார். ஒன்பது நாளில் முதன்முதலாக உருப்படியாக ஒரு வேலை செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

“நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் சொன்னா போதும். இந்தக் கையெழுத்து உங்களுது இல்லதானே?”

மூன்று தாள்களையும் அவள் வாங்கிப் பார்த்தாள். அப்புறம் மேஸ்திரியைப் பார்த்தாள். மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். இல்லை என்று அவள் தலையை ஆட்டினால் அவர் கதை அதோடு முடிந்தது.

“என்னுதுதான் சார்,” என்றாள்.

“மிரட்டி வாங்கினாரா?”

“இல்ல சார். அவர் மேல தப்பில்ல. நானேதான் போட்டேன்.”

கைக்குட்டை ஆய்வாளர் கையிலிருந்து நழுவி அந்தக் கறுப்புக் கசிவிலேயே விழுந்தது. இப்போது அவருக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. “என்ன பொம்பளைம்மா நீங்க? குழந்தை குட்டியோட சோறு திங்கற வீடு. புழு வாசப்படி ஏறுது. இதுக்குப் போய் நன்றின்னு எழுதிக் குடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்து குப்பையை ஒட்டி நின்றது. அவள் அவசரமாக அதற்கும் குப்பைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

“இந்த நாத்தம் போயிட்டா, வீட்டு வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது சார்.”