மூன்று பக்கக் கஷ்டம்

தமிழ்நிலா இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

முதல் பக்கம் முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் படித்தாள். அவளுக்கு டெக்சாஸில் ராத்திரி பத்தரை. எனக்கு மந்தாரக்குப்பத்தில் காலை ஒன்பது. கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்துவிட்டு, நழுவுகிற பேன்ட்டை ஒரு கையால் இழுத்து விட்டபடி மறு கையால் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் படித்தது அவளுடைய கஷ்டங்களை. எழுதியது நான்.

விஷயம் ரொம்பச் சின்னது. கல்யாணத்துக்கு முன்னால், அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில், விசா முடிந்து, கிளம்பு என்று சொன்ன பிறகும் ஒன்றேகால் வருஷம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாவம் சும்மா விடவில்லை. மனைவியிடம் போய்ச் சேர விசா கேட்டால், பத்து வருஷத்துக்கு உள்ளே வராதே என்று சொல்லிவிட்டார்கள்.

தடையை விலக்கச் சொல்லி மனுப் போட்டு இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறோம். இப்போது கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நான் இல்லாமல் என் மனைவி அங்கே தாங்க முடியாத கஷ்டம் படுகிறாள் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பத்து வருஷம்தான்.

நான் படுகிற கஷ்டம் கணக்கில் வராது என்று வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. எனக்கென்ன கஷ்டம்? சொந்தக் கடை, எதிரிலேயே டீக்கடை, அதட்ட ஆளில்லாத வாடகை வீடு. ராஜா மாதிரி இருக்கிறேன்.

தமிழ்நிலாதான் பிரச்சினை. என்ன கஷ்டம் என்று எப்போது கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன் என்பாள். அதை வைத்துக்கொண்டு எந்த ஆபீசில் மனுப் போடுவது? வக்கீல் அவளைத்தான் எழுதச் சொல்லியிருந்தார். நீ பேசாமல் இரு, நான் எழுதி அனுப்புகிறேன், படித்துப் பார்த்துக் கையெழுத்தை மட்டும் போடு என்றேன்.

பின்னே, மனு எழுதுவதுதானே என் பிழைப்பு.

நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் என் கடைக்குத்தான் வருவார்கள். பெர்மனன்ட் கேட்டு, ஷிப்ட் மாற்றிக் கேட்டு, நின்றுபோன வேலையைத் திரும்பக் கேட்டு. ஆனால் ஒருத்தராவது எனக்குத்தான் மனு என்று சொன்னதில்லை. கஷ்டத்தைத் தன்னுடையது என்று சொல்ல அவ்வளவு கூச்சம்.

போன வாரம்கூடப் பாவாடை அண்ணன் வந்தார். "தெரிஞ்சவரு ஒருத்தருக்கு, தம்பி. முட்டி தேஞ்சி போச்சி. ஏணி ஏறிகினு எறங்கிகினு இருக்க முடியல அவரால. கீழ எதனா வேல போடச் சொல்லி எழுது."

சொல்லிவிட்டு, கடையின் ஒற்றைப் படியில் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கி டீ குடிக்கப் போனார்.

நான் எதையும் கண்டுகொள்வதில்லை. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில், "பேரு?" என்று மட்டும் கேட்பேன். அப்போதுதான் தரையைப் பார்த்துக்கொண்டு தன் பேரைச் சொல்வார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நானும் தமிழ்நிலாவும் போனில் சிரிக்காத வாரமே கிடையாது.

அப்படிப்பட்டவன், சொந்த மனைவிக்கு எழுத உட்கார்ந்தால் கேட்க வேண்டுமா? சாதாரணமாக ஒரு மனுவுக்கு இரண்டு நாள் மண்டையைச் சொறிவேன். இது முக்கால் மணி நேரத்தில் மூன்று பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

கணவர் பிரிவால் ஆறு கிலோ இளைத்துவிட்டேன் என்ற இடத்தில், நான் ஏறித்தான் இருக்கிறேன் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அது முதல் பக்கம்.

இரண்டாம் பக்கத்தில் அவள் குரல் மெதுவானது. விடியற்காலையில் முதல் ஷிப்ட் பஸ் ஹாரனுக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதன் பிறகு தூக்கமே இல்லை. எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பவர்களுக்குப் பயந்து மார்க்கெட்டுக்குச் சுற்று வழியில் போக வேண்டியிருக்கிறது. கட்டி வைத்த சூட்கேஸைப் பிரிக்க மனம் வராமல், இரண்டு வருஷமாக அதிலிருந்தே துணியை எடுத்து உடுத்தி, துவைத்து, அதிலேயே மடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

சூட்கேஸ் வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு லைன் போய்விட்டதோ என்று போனைக் கையில் எடுத்தேன்.

"ஏங்க, இங்க ஏதுங்க ஷிப்ட் பஸ்?" என்றாள். "என் கஷ்டத்த நானே எழுதிக்கிறேன். நெறையவே இருக்கு, உங்ககிட்டதான் சொல்லல. இது யாருக்கு எழுதின மனு?"

தூசித் துணி கையிலேயே இருந்தது. வாசலில் ஒருவர் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். சிரித்து மழுப்பிவிடலாம் என்று பார்த்தேன். கண் தரைக்குத்தான் போனது.

"தெரிஞ்சவரு ஒருத்தருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"பேரு?" என்று கேட்டாள்.