மறுநாள் பங்கு

“பாருங்க, இன்னிக்கும் ஒரு காளான்கூட முழுசா இல்ல!”

மருமகள் தட்டைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். உண்மைதான். ஒவ்வொரு காளானிலும் ஓரமாக ஒரு துண்டு குறைந்திருந்தது.

மழை விட்டால் போதும், மாமனாருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கூடையோடு காட்டுக்குள் போய்விடுவார். கொண்டுவந்த காளான் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அரிந்து, தனக்கு மட்டும் வதக்கிச் சாப்பிடுவார். மீதி ஃப்ரிட்ஜுக்குப் போகும். வீட்டுக்கு மறுநாள்தான்.

“பேத்தி ஆசையா கேட்டாலும் ‘நாளைக்குடா கண்ணு’ங்கறார். அவருக்குச் சுடச்சுட, நமக்குப் பழசா?”

“விடு, வயசானா நாக்கு கேக்கும்” என்றான் மகன்.

பக்கத்திலேயே கூடையைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மருமகளுக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்த மழைக்கும் அதே கதைதான். மதியம் தனியாகச் சாப்பிட்டார். விடிந்தபோது வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார்.

“ஒளிச்சு வச்சுத் தின்னா இப்படித்தான்” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் வண்டி பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போன காளான்களை டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றை மட்டும் தனியே எடுத்தார்.

“மத்ததெல்லாம் நல்ல காளான். இதுவும் அதே குடும்பம்தான், கூடப்பிறந்தது மாதிரியே இருக்கும். ஆனா கொடிய விஷம். அரை நாள் வரைக்கும் சத்தமே காட்டாது, அப்புறம் ஈரலை அரிச்சிடும்.”

“மாமா பிழைச்சுடுவாரா டாக்டர்?”

“முடிஞ்சதைச் செய்றோம்மா. நம்பிக்கை சொல்ற நிலைமை இல்ல” என்றவர், அவசரமாகக் கேட்டார். “வேற யாராவது சாப்பிட்டீங்களா? குழந்தை?”

“இல்ல டாக்டர். எங்களுக்கு என்னிக்குமே மறுநாள்தான். ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு வெட்டி, முதல்ல அவரே சாப்பிட்டுப் பாத்து…”

வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய புகார், பாதியில் நின்றுவிட்டது.

“ஐயோ மாமா, எங்களுக்காகவா?”

டாக்டர் கையில் இருந்த அந்த விஷக் காளானிலும், ஓரமாக ஒரு துண்டு குறைந்திருந்தது.