நான்காவது ஆல்பம்

தில்லிபாபு தன் முதல் ஆல்பத்தில் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ராப் பாடினான். அது வெளியான கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் புல் மண்டிக் கிடந்தது. அங்கே தொட்டி இருந்ததாக அவனைத் தவிர யாருக்கும் நினைவில்லை. அடுத்ததில் தான் வளர்த்த நாயைப் பாடினான். மூன்றாவது முழுக்க அண்ணன் கஜபதி. இப்போது கேட்டால் அம்மா, "எனக்கு நீ ஒரே புள்ளதான்டா" என்கிறாள்.

நான்காவதில் இல்லாத ஊரையும் இல்லாத ஆட்களையும் பாடினான். மனைவி மேகலாவுக்கு வருத்தம்.

"எதெதையோ பாடுற. என்னப் பத்தி ஒரு வரி கூடவா வரல?"

"வேணாம், விடு" என்றான். காரணத்தைச் சொன்னால் யார் அந்தக் கஜபதி என்பாள்.

ஆல்பத்தை வெளியிட கம்பெனி எதுவும் இல்லாததால் பாட்டுகளை நெட்டில் ஏற்றுவது அவள்தான். இன்று ஏற்றி முடித்ததும், "கடைசிப் பாட்டக் கேளு. நம்ம ரெண்டு பேருக்கும் டீ போட்டு எடுத்தாறேன்" என்று சமையலறைக்குள் போனாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பாட்டு முடியும் இடத்தில், அவன் பதிவு செய்யாத ஒரு குரல் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது: "நான் மேகலா. தில்லியோட பொண்டாட்டி."

ஓடினான். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் மட்டும் இருந்தது.