ஓடுகிற லேப்டாப்

வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ்களில் பத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அவளுக்கு மேனேஜர் போன் செய்தார்.

“உங்க லேப்டாப் தினம் ரெண்டு மணி நேரம்தான் ஓடுதும்மா. லைசென்ஸை எடுக்கறேன். அதோட வேலையும் போகுது, தப்பா நினைக்காதீங்க.”

“என் வேலை ஒருநாள்கூட நின்னதில்லையே சார். சீக்கிரம் முடிச்சுடுவேன், அவ்வளவுதான்.”

“லிஸ்ட்டுல ஓடுற நேரம்தாம்மா வருது. புகார்ப் பிரிவுல ஒருத்தர் இருக்காரே, அவர் லேப்டாப் எட்டு மணி நேரமும் ஓடுது. பதில் கடிதத்துல ஒரு பிழை கிடையாது. மனுஷன்னா அவர்.”

“நல்லதுங்க சார்” என்று போனை வைத்தாள்.

கட்டிலில் படுத்திருந்த கணவன் தலையைத் தூக்கினான். “போன்ல யாரு?”

“நம்ம மேனேஜர். என்னை வேலையை விட்டு எடுத்துட்டார். உங்களைத்தான் தலையில தூக்கி வச்சு ஆடறார்.”

“அடப்பாவமே. சரி விடு, இன்னைக்குப் புகாரையெல்லாம் முடிச்சுட்டு நிம்மதியாத் தூங்கு.”

அவள் முன்னால் திறந்திருந்தது அவனுடைய லேப்டாப். பதினேழாவது புகாருக்குப் பாதி பதில் எழுதியிருந்தாள். அதை மூடிக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள்.

“இனிமே நீங்களே எழுதுங்க. நான் வேற வேலை தேடணும்.”

கணவன் எழுந்து உட்கார்ந்தான். மூடியைத் திறந்து வெகுநேரம் திரையையே பார்த்தான்.

“இதுக்குப் பாஸ்வேர்டு என்ன?” என்றான்.