தள்ளிப்போன அரங்கேற்றம்

"நிறுத்துங்க, நிறுத்துங்க! மறுக்கா அதே எடத்துல அதே தப்பு!"

பாலகோபால் வாத்தியார் மைக்கைத் தொடையில் தட்டிக்கொண்டார். மாரியம்மன் கோயில் மைதானத்தில் வட்டம் கட்டி வள்ளி கும்மி ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். எல்லாருடைய கண்ணும் வள்ளியாத்தாளின் காலில் இருந்தது.

"ஏனுங்கம்மா, வலது பக்கம் திரும்பித் தட்டோணும்னு எத்தன தடவைங்க சொல்றது?"

"மறந்துபோச்சுங்க வாத்தியாரே" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் வள்ளியாத்தாள்.

"பேரு மட்டும் வள்ளி. வள்ளி கும்மி வருவனாங்குது!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். ஒரே சிரிப்பு.

சிரிக்க மாட்டார்களா பின்னே? எல்லாரும் ஒரே நிறத்தில் எடுத்த பச்சைச் சேலை பீரோவிலேயே கிடக்கிறது. தைப்பூசத்துக்கு அரங்கேற்றம் என்றார்கள், தள்ளிப்போனது. மாசியில் என்றார்கள், அதுவும் போனது. எல்லாம் இந்த அம்மா ஒருத்தியால்!

"அந்தக்காவ உக்கார வெச்சுப்போட்டு நாம ஆடலாமுங்க வாத்தியாரே" என்றார் திருமூர்த்தி.

"அவ இல்லாம நான் ஆட மாட்டனுங்க" என்று முன்னால் வந்தார் அவள் கணவர் நஞ்சுண்டன். "இன்னொரு மாசம் தள்ளிப் போடுங்க. ஊட்ல வெச்சு நான் பழக்கிப்போடறன்."

போன முறையும் இதையேதான் சொன்னார். அவர் சொன்னால் வாத்தியாரால் தட்ட முடியாது. வரிசையின் முதல் ஆளே அவர்தான். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி ஓர் ஆட்டம்! எம்பித் திரும்பிக் கை தட்டினார் என்றால் இளவட்டங்களே வாயைப் பிளக்கும்.

இதே மனிதர் போன வருஷம் எப்படி இருந்தார் தெரியுமா? பொழுது சாய்ந்ததும் தறிக்குடோனிலிருந்து நேராகப் பல்லடம் ரோட்டுச் சாராயக் கடைக்குப் போவார். அப்புறம் யாராவது வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்க வேண்டும். மாத்திரை, மந்திரித்த கயிறு, மகள் நந்திதாவின் அழுகை, எதற்கும் மசியவில்லை.

கும்மிக்கு மசிந்தார். குடித்துவிட்டு வருகிறவர் வட்டத்துக்குள் காலே வைக்கக்கூடாது என்பதில் வாத்தியார் கறார். சும்மா வேடிக்கை பார்க்க வந்த நஞ்சுண்டனை ஆட்டம் பிடித்துக்கொண்டது. வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருவார். வயிறு நிறையச் சாப்பிடுவார். அடித்துப் போட்டாற்போலத் தூங்குவார். தொப்பை கரைந்தது, கை நடுக்கம் நின்றது. அடடா, வள்ளியாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை!

ஆனால் அரங்கேற்றம் முடிந்தால் வாத்தியார் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சாயங்காலம் சும்மா கிடக்கும். ஐப்பசி மழைக்கு ஒரு வாரம் பயிற்சி நின்றதற்கே மனிதர் பழைய கடைக்குப் போய்விட்டு வந்து விழுந்தார்.

அதனால்தான் தப்பாக ஆடினாள். ஆமாம், வேண்டுமென்றே! சமையல்கட்டில் தனியாக ஆடும்போது ஓர் அடி பிசகாது அவளுக்கு. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவர் குடிக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் வாத்தியார் இன்று விடுவதாக இல்லை.

"இதுதானுங்க கடைசி. இப்பத் தப்பு வந்தா அம்மா வெளிய நிக்கட்டும், மத்தவங்க ஆடட்டும். தப்பு வராட்டி எல்லாருமே ஆடலாம். எப்படியிருந்தாலும் பங்குனி உத்தரத்துக்கு அரங்கேத்தம். நஞ்சுண்டண்ணா, நீங்க குறுக்க பேசாதீங்க!"

இனி என்ன செய்வது? தப்பாக ஆடினாலும் அரங்கேற்றம், சரியாக ஆடினாலும் அரங்கேற்றம். நடப்பது நடக்கட்டும், அவரோடு சேர்ந்தாவது ஆடிவிடுவோம் என்று சேலையை இழுத்துச் செருகினாள் வள்ளியாத்தாள்.

தவில் முழங்கியது. பாட்டு வேகமெடுத்தது. குனிந்து தட்டினாள், நிமிர்ந்து தட்டினாள். அந்தப் பொல்லாத இடம் வந்தது. சரியாக வலது பக்கம் திரும்பித் தட்டினாள்!

"அப்படிப் போடுங்கக்கா!" என்று கத்தினார் திருமூர்த்தி. விசில் பறந்தது. மைதானமே புழுதியில் மிதந்தது. வள்ளியாத்தாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவ்வளவு நன்றாக ஆட வருமா நமக்கு என்று அவளுக்கே ஆச்சரியம். இன்னும் ஒரே ஒரு சுற்று.

அந்தச் சுற்றில் எல்லாரும் வலது பக்கம் திரும்ப, முன்னால் ஒருவர் மட்டும் இடது பக்கம் திரும்பினார். திருமூர்த்தி மேல் மோதினார். திருமூர்த்தி அடுத்தவர் மேல் விழ, பாதி வரிசை மண்ணில் உருண்டது.

"அட கெரகமே! நஞ்சுண்டண்ணா, நீங்களுமா?" வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "செரி போங்க, சித்திரைக்குப் பாத்துக்கலாம்!"

வள்ளியாத்தாள் பதறி ஓடினாள். "ஏனுங்க, காலு பெசகிப்போச்சுங்களா?"

நஞ்சுண்டன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"எத்தன நாளைக்குத்தான் எனக்காவ நீயே பேச்சு வாங்குவ, கண்ணு? வாத்தியாரு போயிட்டா நான் அந்தக் கடைக்குப் போயிருவனோன்னு உனக்கு மட்டுந்தான் பயமா?"