எழுபது ஏக்கர் தண்ணீர்

செம்மலை குடத்தைச் சாய்த்தார். களிமண் கண்மாய் நிரம்பத் தொடங்கியது.

கல்லல் ரயிலடிக்கு எதிரே போட்டிருந்த விவசாயக் கண்காட்சிக் கொட்டகையில், அவருடைய ஊர்க் கண்மாயை மாட்டுவண்டி அகலத்துக்குச் செய்து வைத்திருந்தார்கள். கரை, மடை, வயல், அய்யனார் கோயில் வளைவு எல்லாம் அச்சாக இருந்தன. அடுத்த வருஷம் ஊரில் கட்டப்போகும் சிமெண்டு வாய்க்கால் எப்படி ஓடும் என்று காட்டுவதற்காக அது.

தண்ணீர் ஊற்ற அந்த ஊர்க்காரர் ஒருவர் வரட்டும் என்று அதிகாரி கூப்பிட்டபோது, செம்மலையை முன்னால் தள்ளிவிட்டவன் வியாகுலம். இருவரும் அடுத்தடுத்த வயல்காரர்கள். வியாகுலத்துடையது கடைசி வயல். விடியலில் சேர்ந்தே நடந்து வந்து, வியாகுலம் வீட்டுக் கட்டுச்சோற்றை வழியில் பகிர்ந்து தின்றிருந்தார்கள்.

அதிகாரி தகர மடையைத் தூக்கினார். விரல் அகல வாய்க்காலில் தண்ணீர் இறங்கி ஓடியது. மண் வாய்க்காலில் பாதித் தண்ணீர் கசிந்தே போய்விடும், இதில் சொட்டுச் சிந்தாது, அளந்து விடலாம் என்று விளக்கினார். அதற்குள் ஒரு செட்டியார் வந்துவிட, அவருக்கு ஆயில் எஞ்சினைக் காட்டப் போய்விட்டார்.

தண்ணீர் கோயில் வளைவைத் தாண்டியது. இன்னும் ஒரு சாண் வந்தால் செம்மலையின் வயல்.

வரவில்லை.

வயலுக்கு முன்னாலேயே வாய்க்கால் மேற்கே திரும்பியிருந்தது. தண்ணீரும் திரும்பியது.

மேற்கே இருந்தது மாயக்கண்ணனின் புஞ்சை. குதிரைவாலி தவிர வேறெதுவும் விளையாத நிலம். கண்மாய்த் தண்ணீர் அதை ஒரு நாளும் தொட்டதில்லை.

செம்மலை நிமிர்ந்து பார்த்தார்.

மாயக்கண்ணன் எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். அவருடைய மனைவியின் தம்பி. தகப்பன் செத்ததிலிருந்து அவர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். நாலெழுத்துப் படித்திருக்கிறான் என்று சர்வேக்காரர்களோடு சங்கிலி பிடிக்க அனுப்பி வைத்ததே அவர்தான். எந்த வயல் யாருடையது, வாய்க்கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்றெல்லாம் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவன் அவன்.

அவன் இவரைப் பார்க்கவில்லை. கொட்டகைக் கூரையில் ஆடிக்கொண்டிருந்த காகிதத் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செம்மலைக்குக் காது மடல் சுட்டது. தாண்டிப் போய் அவன் சட்டையைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டார்.

கேட்க முடியவில்லை. வியாகுலம் பக்கத்திலேயே இருந்தான்.

அவன் குந்தி உட்கார்ந்து, காய்ந்து கிடந்த அந்த இரண்டு வயல்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கவலையே இல்லை.

“பொறுங்கண்ணே. அங்குட்டு நெறைஞ்சா இங்குட்டுத்தானே வரணும்.”

வராது என்று செம்மலைக்குத் தெரியும்.

ஆடி மாதமே மாயக்கண்ணன் வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தான். அளந்து பார்த்ததில் கண்மாய்த் தண்ணீர் எழுபது ஏக்கருக்குத்தான் காணுமாம். எங்காவது ஓர் இடத்தில் வாய்க்காலை முடித்தாக வேண்டுமாம். அதற்குக் கீழே இருப்பவர்கள் இனி மழையை நம்பிக்கொள்ள வேண்டியதுதான். ஊரில் இன்னும் யாருக்கும் இது தெரியாது, தெரிந்து யாராவது மனு கொடுத்தால் மாற்றிவிடுவார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டான்.

செம்மலை வெகுநேரம் யோசிக்கவில்லை. ராச்சோறு ஆறுவதற்குள் பதில் சொல்லிவிட்டார்.

“என் வயலோட நிப்பாட்டிரு மாப்பிள்ளை. வியாகுலத்துக்குத் தெரிய வேணாம்.”

இப்போது வியாகுலம் சற்று நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டான். செம்மலை அவனருகில் குந்தி உட்கார்ந்தார், தண்ணீருக்குக் காத்திருப்பவரைப் போல.